இரண்டு ஏரிகள்

ஒரு தேசத்தின் சரித்திரத்தை அறிவதற்கு இரண்டு வழிகள் உண்டு. புத்தகசாலையில் உட்கார்ந்து பெரிய பெரிய கிரந்தங்களைப் புரட்டுவது ஒரு வழி. அந்தத் தேசத்தின் சாலைகளில் மெதுவாகப் பிரயாணம் செய்வது மற்றொரு வழி. முதல் வழியில் தூக்கம் வந்துவிடும் என்ற அபாயம் இருக்கிறது. இரண்டாவது வழியிலும் தூக்கம் வரலாம். ஆனால் தூங்குகிறவர் காரோட்டுகிறவராக இல்லாத வரையில் அபாயம் ஒன்றுமில்லை.

அயர்லாந்தில் நாங்கள் இரண்டாவது வழியைக் கைக்கொண்டோம். நாங்கள் நால்வர். டப்ளின் நகரில் பல வருஷமாக வசிக்கும் எஞ்சினீயர் ஒருவர். காரும் அவருடையது, அதை ஓட்டும் பொறுப்பும் அவருடையது. வழக்கறிஞர் ஒருவர், சாட்சியம் இல்லாமல் எதையும் ஒப்புக் கொள்ளாதவர். தமிழாசிரியர் ஒருவர், எந்தப் பாஷையைக் கேட்டாலும் அதில் வேர்ச்சொல் தேடுகிறவர். நான்காவது ஆசாமிக்கு, இந்தப் பக்கத்தை வாரந்தோறும் வாசிக்கும் நேயர்களிடம் அறிமுகம் தேவையில்லை.

பசு வகுத்த பாதை

டப்ளினிலிருந்து மேற்கே கால்வே நகர் வரையில் அகன்ற ராஜபாட்டை ஒன்று போகிறது. அதில் சென்றால் இரண்டரை மணி நேரத்துக்குள் தீவின் கீழ்க்கரையிலிருந்து மேல்கரையை அடைந்துவிடலாம். அவசரக்காரர்களுக்கு அது நல்ல வழிதான். நாங்கள் ஊர் ஊராகப் புகுந்து செல்லும் பழைய சாலையைப் பிடித்தோம்.

ஐரிஷ் பாஷையில் சாலைக்குப் பெயர் 'போஹர்'. 'போ' என்றால் பசு. பசுக்கள் நடந்து போவதற்கு வேண்டிய இடம் எதுவோ அதுதான் சாலை என்பது அந்த நாட்டின் பழைய கணக்கு. கிராமத்துச் சிறு பாதையை 'போரீன்' என்பார்கள். இதைக் கேட்டதும் தமிழாசிரியருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வடமொழியில் பசுவைக் குறிக்கும் 'கோ' என்ற சொல்லும் ஐரிஷ் 'போ'வும் ஒரே மூலத்தில் பிறந்தவை என்பது பாஷை நூல் வல்லவர்களின் முடிவு அல்லவா? "பார்த்தீர்களா! நாம் அந்நியர் வீட்டுக்கு வரவில்லை!" என்றார் அவர்.

இந்தப் போரீன்களில் இரண்டு வண்டிகள் எதிர்ப்பட்டால் ஒன்று பின்வாங்கியே தீர வேண்டும். அப்படி வழிவிட்டவரும் வழி பெற்றவரும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தி ஒரு வணக்கம் செய்கிறார்கள். எங்கள் எஞ்சினீயரும் எதிரே வந்த ஒவ்வொருவருக்கும் விரலை உயர்த்திக்கொண்டே வந்தார்.

"ஏன் ஐயா, இத்தனை பேரும் உமக்குச் சிநேகிதர்களா?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"ஒருவரையும் தெரியாது. ஆனால் விரலை உயர்த்தாமல் போனால், இன்று இரவு அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நம்மைப் பற்றித்தான் பேச்சு!" என்றார் எஞ்சினீயர்.

டிரல்ஸ்பாஸில் ஒரு சமாதி

அந்தப் பழைய சாலையில் டிரல்ஸ்பாஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. பிறை வடிவமான புல்வெளியைச் சுற்றி வரிசை வீடுகள் அமைந்த அழகான சிறிய ஊர். இங்கே இந்தியர் யாராயிருந்தாலும் காரை நிறுத்தி இறங்க வேண்டும்.

1920-ஆம் வருஷம் ஜூன் மாத இறுதியில் பஞ்சாபில் ஜலந்தர் படை முகாமில் ஓர் அதிசயம் நடந்தது. ஆங்கிலேய சர்க்காரின் பட்டாளங்களில் ஒன்றான கானாட் ரேஞ்சர்ஸைச் சேர்ந்த ஐரிஷ் சிப்பாய்கள், தங்கள் சொந்த நாட்டில் அதே சர்க்காரின் படைகள் செய்துவந்த அட்டூழியங்களைக் கேள்வியுற்று, ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டு, "இனிச் சேவகம் செய்யமாட்டோம்" என்று சொன்னார்கள். செய்தி மலைமேல் இருந்த சோலன் முகாமுக்கும் பரவியது. அங்கே ஆயுதக் கிடங்கை மீட்க முயன்றபோது இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த முயற்சிக்குத் தலைமை வகித்த ஜேம்ஸ் டேலி என்னும் இளைஞன் 1920 நவம்பர் 2-ஆம் தேதி தக்ஷாய் சிறையில் சுடப்பட்டு மாண்டான். அப்போது அவனுக்கு இருபது வயது. 1970-ல் அவனுடைய எலும்புகள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு இந்த ஊரில் அடக்கமாயின. ஐம்பது வருஷம் நம் மண்ணில் படுத்திருந்துவிட்டுத் தன் மண்ணுக்குத் திரும்பியவன். வழக்கறிஞர்கூட இங்கே சாட்சியம் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நதிக்கு அப்பால்

அத்லோன் என்ற இடத்தில் ஷானன் நதியைக் கடக்க வேண்டும். நதிக்கு இப்பால் கொழுத்த புல்லும் கொழுத்த மாடுகளுமாக இருந்த பூமி, அப்பால் போகப் போக மெலிந்துகொண்டே வருகிறது. பதினேழாம் நூற்றாண்டின் மத்தியில் கிராம்வெல்லின் ஆட்சி, நல்ல நிலங்களைப் பறித்துக்கொண்டு, நிலத்துக்கு உடையவர்களை இந்த நதிக்கு மேற்கே துரத்தியது. நரகத்துக்குப் போ, இல்லாவிட்டால் கானாட்டுக்குப் போ என்பதே கட்டளை என்று ஜனங்கள் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். கானாட் என்பது இந்த மேற்குப் பிரதேசந்தான்.

கால்வேக்கு அப்பால் கானமாரா. பூமியில் மண்ணைவிடக் கல் அதிகம். அந்தக் கல்லைப் பொறுக்கி, சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேலி எடுத்திருக்கிறார்கள். வேலியின் சந்துகள் வழியே கடற்காற்று நுழைந்து போகிறது. அதனாலேயே வேலி விழாமல் நிற்கிறது. முதுகில் நீலமும் சிவப்புமாக அடையாளச் சாயம் பூசிக்கொண்ட செம்மறி ஆடுகள் சாலையின் நடுவில் படுத்து அசை போடுகின்றன. காரின் குழல் ஊதினால் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் அசை போடுகின்றன.

இந்தப் பக்கத்தில் ஐரிஷ் பாஷை வழங்கும் பகுதிகளில் ஊர்ப் பெயர்ப் பலகைகளில் ஐரிஷ் மட்டுமே இருக்கிறது. 1937-ஆம் வருஷத்து அரசியல் சட்டப்படி ஐரிஷ்தான் முதல் ஆட்சி மொழி. ஆயினும், 2022-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி, பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினந்தோறும் அதைப் பேசுகிறவர்கள் சுமார் 72,000 பேர்தான். தமிழாசிரியர் நெடுநேரம் மௌனமாயிருந்தார்.

ராஸ்மக் என்ற ஊரில் பாட்ரிக் பியர்ஸ் கட்டிய ஓலைக்கூரைக் குடிசை இருக்கிறது. கோடை விடுமுறையில் இங்கே தங்கி ஜனங்களின் பாஷையைப் பழகிக்கொண்டார் அந்தப் பள்ளி ஆசிரியர். அவருடைய பள்ளிக்கூடத்துக்கு நிதி சேர்ப்பதற்காக 1913-ல் டப்ளின் ஆபி அரங்கில் நடந்த நாடகங்களுள் ஒன்று, நம் ரவீந்திரநாத் தாகூரின் 'தபால் நிலையம்'! மூன்று வருஷத்துக்குப் பின் 1916 ஏப்ரலில் பியர்ஸும் தோழர்களும் டப்ளினின் நிஜமான தபால் நிலையத்தையே பிடித்துக்கொண்டு குடியரசைப் பிரகடனம் செய்தார்கள். மே 3-ஆம் தேதி அவரைச் சுட்டுக் கொன்றது சர்க்கார்.

கருங்குளம்

லீனான் என்னும் ஊரில் கடல் ஒரு நீண்ட கை போல மலைகளுக்கு நடுவே நுழைந்திருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு வடக்கே திரும்பினால் மேயோ ஜில்லா. அங்கே இரண்டு பக்கமும் செங்குத்தான மலைகள். நடுவே 'டூலாக்' என்னும் ஏரி. அந்தப் பெயருக்குக் கரிய ஏரி என்று பொருள். நம் ஊராயிருந்தால் கருங்குளம் என்போம்.

மாலை வெயில் சாய்வாக விழுந்தபோது எஞ்சினீயர் காரை நிறுத்தி மலைச்சரிவைக் காட்டினார். ஆள் வாசமே இல்லாத அந்தச் சரிவில், சீப்பினால் வாரியது போல், வரிவரியாகக் கோடுகள் தெரிந்தன. அவை உருளைக்கிழங்கு நட்ட பழைய பார்கள். 1845-ல் கருகல் நோய் வந்து கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிய பிறகு இப்படிப்பட்ட எத்தனையோ சரிவுகளில் மண்வெட்டி படவே இல்லை. ஏழு வருஷப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் ஒரு 10 லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். அதே வருஷங்களில் துறைமுகங்களிலிருந்து தானியமும் மாடும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. 1943-ல் வங்காளம் கண்ட காட்சியை அறிந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1841-ல் மேயோ ஜில்லாவின் ஜனத்தொகை 3,88,887. 2022-ல் 1,37,970. தீவு முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும் பஞ்சத்துக்கு முந்தைய தொகையை இன்னும் எட்டவில்லை.

1849 மார்ச் 30-ஆம் தேதி லூயிஸ்பர்க் என்ற ஊரில் நூற்றுக்கணக்கான ஏழைகள் கூடினார்கள். நிவாரணம் பெறுவதற்குத் தகுதியுள்ளவர்கள்தானா என்று அவர்களைப் பரிசோதிக்க வேண்டிய அதிகாரிகள், பரிசோதனையை நடத்தாமல், டெல்பி என்ற இடத்திலுள்ள வேட்டை மாளிகைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலை 7 மணிக்கு அங்கே வந்து நிற்காதவர்களுக்கு நிவாரணம் இல்லை என்று உத்தரவு. தூரம் சுமார் 12 மைல். எலும்பும் தோலுமான ஜனங்கள், குழந்தைகளைச் சுமந்துகொண்டு, கடுங்குளிரில் இரவெல்லாம் நடந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது அதிகாரிகள் போஜனம் செய்துகொண்டிருந்தார்கள் என்றும், காத்திருக்கச் சொன்னார்கள் என்றும் ஊரில் வழங்குகிறது. கடைசியில் வெறுங்கையுடன் திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் வழியில், இந்த ஏரியின் கரையில், விழுந்தவர்கள் விழுந்தபடியே கிடந்தார்கள். பத்திரிகைக்கு எழுதப்பட்ட கடிதத்தில் கணக்கானவர்கள் சிலர். ஜனங்களின் நினைவில் நிற்பவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள்.

சாலை ஓரத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். நாங்கள் இறங்கிப் பார்த்தபோது திகைத்துப் போனோம். அதில் பொறித்திருப்பது மகாத்மா காந்தியின் வாக்கு! சக மனிதரை அவமானப்படுத்துவதில் ஒருவன் தனக்குக் கௌரவம் இருப்பதாக எப்படி நினைக்க முடியும் என்பது அவருடைய கேள்வி. அவர் அந்த ஏரிக்கரைக்கு வந்தவர் அல்ல; ஆனால் அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான வாக்கியம் வேறு கிடைக்காது.

மாஸ்க் ஏரி

பட்சி பறக்கும் நேர்வழியில் டூலாக்கிலிருந்து கிழக்கே 40 கிலோமீட்டருக்குள் மற்றோர் ஏரி இருக்கிறது. அதன் பெயர் மாஸ்க். அதன் கரையில், பாலின்ரோப் ஊருக்கு அருகில், 1880-ல் ஒரு ஜமீன்தாரின் காரியஸ்தர் வசித்தார். விளைச்சல் மோசமாயிருந்ததால் குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்க வேண்டும் என்று குடியானவர்கள் கேட்டார்கள். 10-க்கு மேல் குறைக்க ஜமீன்தார் சம்மதிக்கவில்லை. காரியஸ்தர் வெளியேற்ற நோட்டீஸ்களை அனுப்பினார். நோட்டீஸ் கொண்டுவந்தவனை ஊர்ப் பெண்கள் சேறும் சாணமும் வீசித் துரத்திவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் உலகத்துக்குப் புதிது. காரியஸ்தரின் வேலைக்காரர்கள் வேலையை விட்டார்கள். கொல்லன் குதிரைக்கு லாடம் அடிக்க மறுத்தான். துணி வெளுப்பவள் துணி வாங்க மறுத்தாள். கடைக்காரர்கள் சாமான் கொடுக்க மறுத்தார்கள். வயலில் பயிர் முற்றி நின்றது. அறுப்பதற்கு ஆள் இல்லை. வடக்கேயிருந்து 50 ஆட்களைத் தருவித்து, அவர்களுக்குக் காவலாக ஏறக்குறைய 1,000 துருப்புகளையும் போலீஸாரையும் நிறுத்தி அறுவடை செய்தார்கள். சுமார் 500 பவுன் பெறுமானமுள்ள விளைச்சலை அறுப்பதற்குச் செலவானது 10,000 பவுன்! அந்தக் காரியஸ்தர் அயர்லாந்தை விட்டே போனார். அவருடைய பெயர் காப்டன் பாய்காட். அந்தப் பெயர் பல பாஷைகளில் வினைச்சொல்லாகிவிட்டது. நாம் பகிஷ்காரம் என்கிறோம். 1905-ல் வங்காளம் கையில் எடுத்த ஆயுதம் அதுதான்.

"இரண்டு ஏரிக்கும் இடையில் முப்பத்தோரு வருஷம். ஜில்லா ஒன்றே, ஜமீன்தார்கள் ஒரே மாதிரி, மழைகூட ஒரே மழை. அன்று மௌனமாகச் செத்தவர்கள் இன்று இப்படி எழுந்து நின்றார்கள் என்றால், நடுவில் என்ன நடந்தது?" என்று வழக்கறிஞர் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார்.

பட்டினியால் சாகிறவன் சங்கம் அமைக்க முடியாது. அதற்காக அவனைக் குறை கூறுவது பாவம். ஆனால் அந்தப் பட்டினியைப் பார்த்த குழந்தைகள் வளர்ந்தார்கள். இதே மேயோவில் 1846-ல் பிறந்தவர் மைக்கேல் டேவிட். 1850-ல் அவர் குடும்பத்தை வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள். ஏழை விடுதியில் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பார்கள் என்று தெரிந்ததும், அந்தத் தாய் விடுதியின் சோறே வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டாள். இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போன இடத்தில், பதினோரு வயதில், பஞ்சாலை இயந்திரம் பிள்ளையின் வலது கையைத் தின்றது. பின்னர் ஏழு வருஷம் சிறைவாசம். 1879-ல் மறுபடியும் விளைச்சல் பொய்த்து, மறுபடியும் பஞ்சம் எட்டிப் பார்த்தபோது, அந்த ஒற்றைக் கை மனிதர் காஸில்பாரில் குடியானவர்களைத் திரட்டி நிலச் சங்கம் கண்டார். இந்தத் தடவை ஜனங்கள் எந்த மாளிகை வாசலுக்கும் நடந்து போகவில்லை. தாங்கள் இருந்த இடத்திலேயே நின்றார்கள்.

"மிரட்டல் சிறிதும் இல்லையோ?" என்றார் வழக்கறிஞர்.

இருந்தது, இல்லையென்று சாதிப்பதில் பயனில்லை. ஆனால் பாய்காட்டின் உயிருக்குச் சேதமில்லை. மாண்டது, தன்னை எவராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று ஜமீன் முறை கொண்டிருந்த நம்பிக்கை. 1881-ல் ஒரு நிலச் சட்டம், 1903-ல் இன்னொன்று. சர்க்கார் கடன் கொடுத்து, குத்தகைக்காரர்களே நிலத்தை வாங்கிக்கொள்ள வழி பிறந்தது. தேசத்தின் பெரும்பகுதிக்கு 1922-ல் சுதந்திரம் கிடைப்பதற்கு முன்பே ஏராளமான குடியானவர்கள் தங்கள் கல்வேலிக்குள் தாங்களே எஜமானர்களாக நின்றார்கள்.

நேயர்களில் யாராவது அயர்லாந்துக்குச் சென்றால் இந்த இரண்டு ஏரிகளையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும். கருங்குளத்தை முதலில் பார்க்க வேண்டும். அதன் கரையில் நின்று அந்த மலைச்சரிவையும் கல்லையும் பார்த்த பிறகுதான், மாஸ்க் ஏரிக்கரைக் குடியானவர்கள் அன்று எதை மறுத்தார்கள் என்பது முழுவதும் விளங்கும்.