நாற்பரிமாண உருவமும் காளஹஸ்திச் சீலையும்

சுவர்ணமுகியாற்றின் கரையிலுள்ள காளஹஸ்தியில் கலம்காரிச் சீலை எழுதுவோர், கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியின்மேல், சுட்ட புளியங்குச்சியின் கரியால் முதலில் உருவங்களைக் கோடிட்டுக்கொள்கின்றனர். பின்னர், வெல்லத்தோடு இரும்புத் துண்டுகள் ஊறிப் புளித்த நீரை மூங்கில் எழுதுகோலில் தோய்த்து அக்கோடுகளைக் கருமையாக்கி நிலைப்படுத்துகின்றனர். இராமாயணச் சீலையொன்றில் இராமன் கட்டத்துக்குக் கட்டம் தோன்றுகிறான். அதைக் காணும் சிறுவன் எவனும் இத்தனை இராமர்கள் உண்டோ என்று வினவுவதில்லை. ஒருவனே வெவ்வேறு பொழுதில் நிற்கிறான் என்று தானே கொள்கிறான். நீளமும் அகலமும் மட்டுமே உடைய துணியில் காலமும் இவ்வாறு அடங்கிவிடுகிறது.

இத்தகைய படங்களைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு நாற்பரிமாண உருவங்கள் எட்டா என்று ஆசிரியர் சிலர் ஒதுக்கிவிடுவது வருந்தத்தக்கது. தேர்வில் வராத பொருள் என்பது ஒரு காரணம். “நான்காவது பரிமாணம் காலமே” என்று ஒரே வாக்கியத்தில் பேச்சை முடித்துவிடுவது மற்றொன்று. காலத்தை இடத்தோடு சேர்த்து நாற்பரிமாண வெளியாக மின்கோவ்ஸ்கி 1908-இல் விளக்கியது உண்மையே. ஆனால் சுவிட்சர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் லுட்விக் ஷ்லேஃப்லி, காலத்தைப் பற்றிய பேச்சே இன்றி, நான்கு பரிமாணத்தில் ஒழுங்கான உருவங்கள் ஆறே உண்டு என்பதை 1852-க்குள்ளாகவே கண்டிருந்தார். அந்நூல் முழுமையாக அச்சேறியது 1901-இல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

அவ்வாறில் எளியதை வரைவதற்குக் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும். ஒரு சதுரத்தை வரைந்து, சற்று நகர்த்தி மறுபடி வரைந்து, ஒத்த முனைகளை இணைத்தால் கனசதுரத்தின் படம் கிடைக்கிறது: முனைகள் 8, விளிம்புகள் 4+4+4, அதாவது 12. இனி அக்கனசதுரப் படம் முழுவதையும் வேறொரு திசையில் நகர்த்தி மீண்டும் வரைந்து, ஒத்த முனைகளை இணைக்க வேண்டும். முனைகள் 16 ஆகின்றன. விளிம்புகள் 12+12+8, அதாவது 32. சதுர முகங்கள் 24. அவ்வுருவத்தைச் சூழ்ந்து நிற்கும் கனசதுரங்கள் 8. ஒவ்வொரு முனையிலும் நான்கு விளிம்புகள் கூடுகின்றனவா என்று பிள்ளைகளே எண்ணிச் சரிபார்க்கலாம். படத்தில் இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தையும் முனையாக எண்ணிவிடுவது வழக்கமான பிழை. முதலிலேயே பதினாறு புள்ளிகளைக் கோலத்துக்கு வைப்பதுபோல் அழுத்தமாக வைத்துவிட்டால் இப்பிழை நேராது.

பெரிய கனசதுரத்துக்குள் சிறியதொன்றை வரைந்து இணைக்கும் வேறொரு படமும் உண்டு. அதைக் கண்டதும் பிள்ளைகள், உள்ளிருப்பது சிறியது, இடையிலுள்ளவை கோணலானவை என்றே நினைப்பர். அப்போது ஒரு மரப்பெட்டியைத் திறந்து, நேர்மேலிருந்து உள்ளே பார்க்கச் சொல்ல வேண்டும். அடிப்பலகை சிறிதாகவும், பக்கப் பலகைகள் ஒருபுறம் குறுகியவையாகவும் தோன்றும். ஆயினும் பெட்டி கோணலானது என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் படத்திலும் எட்டுக் கனசதுரங்களும் ஒரே அளவினவே. தொலைவுதான் அவ்வாறு காட்டுகிறது. இந்த ஒன்று விளங்குவதற்கு ஒரு வகுப்பு நேரம் முழுவதையும் செலவிட்டாலும் தகும்.

சீலையின் கட்டங்கள் இங்கே நேரடியாகவே பயன்படும். கனசதுரம் ஒன்று முனை முன்னதாக நீரில் மெல்ல அமிழுமாயின், நீர்மட்டம் அதனை வெட்டும் வடிவம் முதலில் முக்கோணமாகவும், நடுவில் ஒழுங்கான அறுகோணமாகவும், இறுதியில் மறுபடி முக்கோணமாகவும் இருக்கும். நாற்பரிமாண உருவம் அவ்வாறே நம் வெளியைக் கடந்து செல்லுமாயின், முதலில் ஒரு புள்ளி, பின்னர் வளரும் நான்முகி, பின்பு முனைகள் மழுங்கிய நான்முகி, நடுவில் எண்முகி, அப்பால் அதே வரிசை தலைகீழாக. இவற்றை அடுத்தடுத்த கட்டங்களில் வரைந்துவிட்டால், பல கட்டங்களில் ஒரே இராமனைக் கண்டதுபோல் ஒரே உருவத்தைக் காணலாம். இங்கே காலம் வெட்டுமுகங்களை வரிசைப்படுத்தும் கருவியே அன்றி உருவத்தின் நான்காவது பக்கம் அன்று.

வெறும் விளையாட்டுத்தானே என்று வயல்வெளியில் பணிபுரிவோர் கருதலாம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, தொழுவுரம் ஆகிய நான்கையும் இட்டும் இடாமலும் சோதிப்பதானால் பதினாறு பாத்திகள் வேண்டும். அப்பாத்திகளே மேற்கண்ட உருவத்தின் பதினாறு முனைகள். ஒரே ஒரு உரத்தில் மட்டும் வேறுபடும் இரு பாத்திகள் ஒரு விளிம்பின் இரு நுனிகள். தழைச்சத்தின் திசையில் எட்டு விளிம்புகள் இருப்பதால், அதன் பலனை எட்டு முறை ஒப்பிட்டறிய அதே பதினாறு பாத்திகள் போதும். ஏனைய மூன்றுக்கும் அவையே உதவுகின்றன.

நிலம் ஒருபுறம் கரிசலும் மறுபுறம் செம்மண்ணுமாக இருந்தால் என் செய்வது? ஒவ்வொரு விளிம்பின் ஒரு நுனி வெள்ளையாகவும் மறு நுனி காவியாகவும் அமையுமாறு முனைகளுக்கு நிறமிட வேண்டும். எட்டு வெள்ளை, எட்டுக் காவி என அவை பிரியும். வெள்ளையை ஒரு மண்ணிலும் காவியை மற்றொன்றிலும் இட்டால், எந்த உரமும் இரு மண்ணிலும் நந்நான்கு பாத்திகளில் விழும். மண்ணின் வேறுபாடு தனி உரங்களின் பலனைத் திரிக்காது. இவ்வகைப் பங்கீடுகளுக்குப் பல பரிமாண வடிவகணிதத்தின் துணையால் பொதுவான கோட்பாடு வகுத்தவர்களுள் ராஜ் சந்திர போஸ் முதன்மையானவர். மஹலநோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றிய அவர், தம் கட்டுரையை 1947-இல் வெளியிட்டார்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டையிலோ பன்னிரண்டு அளவுகள் குறிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றையும் மிகுதி, குறைவு என்று மட்டும் பிரித்தாலே முனைகள் 4,096 ஆகின்றன. அதை எந்தச் சீலையிலும் வரைய இயலாது. எனினும் எண்ணும் முறை கரும்பலகையில் சதுரத்தை நகர்த்தியபோது கண்ட அதே முறைதான்.