ஒகினாவாவில் பாகற்காய்க்கு ஏன் இத்தனை கெடுபிடி? பழ ஈ கதை

ஜப்பானின் ஒகினாவா தீவில் 'கோயா' என்ற பாகற்காய் இல்லாமல் கோடைக்கால சமையலே இல்லை. ஆனால் 2025 ஏப்ரலில் அங்கு பாகல், பூசணி வகைக் காய்களை நினைத்தபடி வெளியே அனுப்பக் கட்டுப்பாடு வந்தது. காரணம், 2024 மார்ச்சில் தீவின் வடக்கே சிக்கிய ஒரு பழ ஈ இனம்: 'ஜூகோடாகஸ் டவ்'.

ஒரு ஈக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

பெண் ஈ காயின் தோலுக்கு அடியில் முட்டையிடும். புழு உள்ளேயே தின்று வளரும். பிறகு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். வெளியே பார்த்தால் காய் நல்லாவே இருக்கும், வெட்டினால்தான் தெரியும். புழு உள்ள ஒரு பெட்டி போதும், ஈ அடுத்த ஊருக்குப் போய்விடும்.

சீசன் கணக்கு என்ன?

வெயில் ஏறினால் ஈயின் தலைமுறை சீக்கிரம் முடியும், கொடியிலும் காய் நிறைய இருக்கும். எண்ணிக்கை மளமளவென ஏறும். குளிரில் குறையும், ஆனால் ஒகினாவாவில் உறைபனி கிடையாது என்பதால் ஒழியாது. மிச்சமிருப்பவை அடுத்த கோடைக்கு விதை. அதனால் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே அடிப்பதுதான் லாபம்.

முன்பு எப்படி ஜெயித்தார்கள்?

1919-இல் யேயாமா தீவுகளில் பதிவான முலாம்பழ ஈ, 1972-க்குள் ஒகினாவா பிரதான தீவு வரை வந்துவிட்டது. பதிலுக்கு, ஆய்வகத்தில் கோடிக்கணக்கில் ஈ வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கி வெளியே விட்டார்கள். மலட்டு ஆணோடு சேர்ந்த பெண்ணின் முட்டை பொரிக்காது. முதலில் விஷ இரை வைத்துக் காட்டு ஈக்களைக் குறைத்தார்கள். அப்போதுதான் மலட்டு ஈக்கள் எண்ணிக்கையில் மிஞ்சும். குமே தீவு 1978-இல் மீண்டது. 1993-இல் கடைசியாக யேயாமாவும் மீண்டது. மொத்தம் சுமார் 5,300 கோடி மலட்டு ஈக்கள்!

அதே ஈக்களை இப்போதும் விடலாமே?

முடியாது. இனம் வேறு. முலாம்பழ ஈயின் மலட்டு ஆண், புது இனத்துப் பெண்ணோடு சேராது. புது இனத்தைத் தனியாகப் பெருக்க வேண்டும். அதோடு விழுந்த காயைப் பொறுக்கி அழிப்பது, பொறி வைப்பது, காயை நகர்த்தாமல் இருப்பது, இவையும் உதவும்.

நமக்கு என்ன?

முலாம்பழ ஈ தமிழ்நாட்டுப் பாகல், புடலையிலும் உண்டு. ஆனால் நமக்குச் சுற்றிலும் கடல் இல்லை. ஒரு வயலில் ஒழித்தால் பக்கத்து வயலிலிருந்து வந்துவிடும். தீவின் பெரிய வசதியே அந்தக் கடல்தான். ஆனா, ஒரு பெட்டி காய் கப்பலேறினா அந்த வசதியும் போச்சு.