வலி தணிப்பும் வீட்டாரும்

புற்றுநோய் முற்றியவர் பெரும்பாலும் மருத்துவமனையில் இருப்பதில்லை, வீட்டிலேயே இருக்கிறார். செவிலியர் அவரருகில் இருக்கும் நேரம் மிகச் சிறிது. எஞ்சிய பொழுதெல்லாம், நள்ளிரவிலும், மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர் மனைவியோ, மகளோ, மருமகளோதான். ஆகவே வலி தணிப்பின் வெற்றி, மருந்தை எழுதித் தருபவரை எவ்வளவு சார்ந்ததோ அவ்வளவு அதைக் கையில் எடுத்துக் கொடுப்பவரையும் சார்ந்தது.

இத்துறையில் கேரளம் முன்னோடியாகும். 1993-ல் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் இப்பணியைத் தொடங்கினர். 2008-ல் அம்மாநில அரசு, நாட்டிலேயே முதன்முதலாக, நோய்த்துயர் தணிப்புக்கென ஒரு கொள்கையை வகுத்தது. அதன்படி ஊராட்சிகளின் பொறுப்பில் செவிலியர்கள் வீடுகளுக்கே சென்று நோயாளிகளைக் கவனிக்கின்றனர்.

எனினும் எல்லைப் பகுதிகளில் தனிக் கவனம் தேவைப்படுகிறது. பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி ஆகிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் மறையூரிலும், மூணாறு தேயிலைத் தோட்ட லயங்களிலும் வாழ்வோரில் பலருக்குத் தாய்மொழி தமிழ். தமிழ் மட்டுமே அறிந்த பெண்ணுக்கு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய சீட்டு ஊமைச் சீட்டேயாகும். மருந்து வீட்டில் இருந்தும் வலி தீராமற் போவதற்கு இதுவே போதுமான காரணம்.

ஏனெனில் இம்மருந்தைக் கொடுக்கும் முறை பொதுவான பழக்கத்துக்கு மாறானது. வாய்வழியே கொடுத்தல், கடிகாரப்படி கொடுத்தல், ஆளுக்கேற்ப அளவிடல், சிறு விவரங்களிலும் கருத்துச் செலுத்தல் என்பவை உலக சுகாதார நிறுவனம் வற்புறுத்தும் நெறிகள். சாதாரண மார்பின் மாத்திரையின் பயன் ஏறக்குறைய 4 மணி நேரமே நிற்கும். வலி வந்த பின் கொடுக்கலாம் என்று காத்திருந்தால், மருந்து வேலை செய்யத் தொடங்குமுன் வலி முற்றிவிடும். மலச்சிக்கல் பெரும்பாலோருக்கு உண்டாகி நீடிக்குமாதலால், மலமிளக்கியும் தொடக்கத்திலேயே சேர்க்கப்படுகிறது. இதை அறியாத வீட்டார், வயிறு இறுகியதும் வலி மருந்தையே நிறுத்திவிடுவர். குமட்டலும் தூக்க மயக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் குறையும். ஆனால் எழுப்பினாலும் எழாத மயக்கமோ, மூச்சு மிக மெதுவாதலோ கண்டால் மேலும் மாத்திரை கொடாமல் உடனே மருத்துவ உதவியை நாடவேண்டும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் பொறுப்பே.

அபினிலிருந்து பெறும் மருந்தை வீட்டார் கையில் கொடுக்கலாமா என்று சிலர் தயங்குவர். 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திற்குப் பின், இத்தயக்கம் வளர்ந்து, மருத்துவத்துக்கான மார்பின் பயன்பாடே வெகுவாகச் சுருங்கியது. அதனால் துன்புற்றவர்கள் நோயாளிகளே. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் இம்மருந்தைப் பெறும் வழி எளிதாயிற்று. பூட்டிய பெட்டியில் வைத்தல், கொடுத்த நேரத்தைக் குறித்தல், மிஞ்சியதைத் திருப்பித் தருதல் ஆகிய ஒழுங்குகளே பாதுகாப்புக்கு வழி. வலியோடு ஒருவரைக் கிடக்கவிடுவது பாதுகாப்பாகாது.

களப்பணியாளர் செய்யத்தக்கது யாது? ஒவ்வொரு வீட்டிலும் மருந்து கொடுப்பவர் யார் என்பதை முதலில் அறிந்து, அவருடனேயே பேசவேண்டும். சொல்லியதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்கவேண்டும். எழுத்தறியாதவருக்கு, காலை மாத்திரை உறையில் சூரியனையும் இரவு உறையில் பிறையையும் வரைந்து தரலாம். வலியின் அளவைப் பத்து விரல்களால் காட்டுமாறு நோயாளியைப் பழக்கலாம். தினக்கூலியை இழந்து இரவெல்லாம் விழித்திருக்கும் பெண்ணுக்குச் சில மணி நேர ஓய்வு கிடைக்க, அண்டை வீட்டாரை ஏற்பாடு செய்வதும் வைத்திய உதவியே.

ஆசிரியர்களின் பங்கும் சிறிதன்று. செவிலியரின் குறிப்புகளைத் தெளிந்த தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தருதல், அதைச் செவிலியரிடம் காட்டிச் சரிபார்த்தல், மார்பின் என்றால் மரணத்தின் அறிகுறி என்ற அச்சத்தை ஊராரிடமிருந்து அகற்றுதல் ஆகியவை அவர்களால் இயலும்.

நோயைத் தீர்க்க இயலாத நிலையிலும் வலியைப் பெரும்பாலும் தணிக்க இயலும். அதற்கான மருந்தும் சட்டமும் செவிலியரும் உள்ள மாநிலத்தில், புரியும் மொழியில் நான்கு சொற்கள் கிடைக்காமையால் ஒருவர் இரவெல்லாம் துடித்தல் தகாது. அச்சொற்களைக் கொண்டு சேர்ப்பது எல்லைப்புறத்தில் பணியாற்றும் ஒவ்வொருவரின் கடமையாகும்.