ஊர் கூடிச் சதுரங்கம் ஆடலாமா?

மாணவர்களே, ஊர் கூடினால் அவிநாசித் தேரையும் நகர்த்தலாம். வடம் பிடிப்போர் அனைவரும் ஒரே திசையில் இழுப்பதால் அவர்களுடைய விசைகள் ஒன்றோடொன்று கூடுகின்றன. ஆனால், ஊர் கூடினால் ஒரு சதுரங்கக் காயைச் சரியாக நகர்த்த முடியுமா?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1999-இல் உலக வீரர் காஸ்பரோவ், 50,000-க்கும் மேற்பட்டோரை எதிர்த்து இணையத்தின் வழியே ஆடினார். கூட்டத்தின் ஒவ்வொரு நகர்த்தலும் வாக்கெடுப்பால் முடிவாயிற்று. நான்கு மாதங்கள் நீடித்த அந்த ஆட்டத்தில் 62 நகர்த்தல்களுக்குப் பின் காஸ்பரோவ் வென்றார். 2024-இல் நம் விசுவநாதன் ஆனந்த் ஏறத்தாழ 70,000 பேரை எதிர்த்து இவ்வாறே ஆடி வென்றார். 2025-இல் கார்ல்சனை எதிர்த்து 1,43,000-க்கும் மேற்பட்டோர் ஆடினர். அது சமநிலையில் முடிந்தது.

இத்தனை தலைகள் சேர்ந்தும் ஒரு தலையை ஏன் வெல்ல முடியவில்லை? "அவர்கள் மேதைகள்" என்று சொல்லி முடித்துவிடலாம். என் கருத்து வேறு. குதிரை எப்படித் தாவ வேண்டும் என்பது ஓர் ஆட்ட விதி. அதைப் போலவே, வாக்கை எப்படி எண்ண வேண்டும் என்பதும் ஓர் ஆட்ட விதிதான். முதல் வகை விதிகளை வகுக்க மனிதர்கள் பல நூற்றாண்டுகள் உழைத்தார்கள். இரண்டாவதைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை.

கூட்டத்திற்கு அறிவு இல்லை என்று எண்ணாதீர்கள். பிரெஞ்சுக் கணித அறிஞர் கோந்தர்சே 1785-இல் ஓர் அழகான கணக்கைக் காட்டினார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 100-க்கு 60 என்க. அத்தகைய மூவர் வாக்களித்தால், பெரும்பான்மை சரியாக அமையும் வாய்ப்பு 64.8 ஆகிறது. 101 பேர் வாக்களித்தால் ஏறத்தாழ 98! ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொருவரும் தனித்தனியே சிந்தித்திருக்க வேண்டும்.

ஆய்வகத்தில் இதையே வேறு வடிவில் காண்கிறீர்கள். கம்பியின் விட்டத்தைப் பத்துப் பேர் தனித்தனித் திருகு அளவிகளால் அளந்து சராசரி கண்டால், ஒருவர் கூட்டிச் சொன்னதும் மற்றவர் குறைத்துச் சொன்னதும் பெரும்பாலும் ஈடாகிவிடும். பத்துப் பேரும் சுழிப்பிழை உள்ள ஒரே கருவியால் அளந்தால்? ஆயிரம் முறை அளந்தாலும் அந்தப் பிழை போகாது. வகுப்பில் உரக்கப் பேசும் ஒருவன் சொன்னதையே எல்லோரும் எழுதினால், அவனே அந்தச் சுழிப்பிழை!

அளவீட்டில் சராசரியாவது எடுக்கலாம். நகர்த்தலுக்குச் சராசரி இல்லை. குதிரையை இடப்பக்கம் தாவச் சொல்வோர் பாதி, வலப்பக்கம் தாவச் சொல்வோர் பாதி என்றால், அது நடுவில் போய் நிற்க முடியாது. ஆகவே எண்ணும் முறைதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 40 பேர் உள்ள வகுப்பு. ராணி ஆபத்தில் இருக்கிறாள். 24 பேர் ராணியைக் காக்க விரும்புகிறார்கள். ஆனால் எந்தக் கட்டத்திற்கு நகர்த்துவது என்பதில் 9, 8, 7 எனப் பிரிந்துவிட்டார்கள். மற்ற 16 பேர் ஒரு சிப்பாயை வெட்டச் சொல்கிறார்கள். அதிக வாக்குப் பெற்றதே வெற்றி என்றால், 16 பேர் சொன்னது வெல்லும், ராணி போய்விடும்! நம் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களிலும் வாக்குகள் இவ்வாறுதான் எண்ணப்படுகின்றன. ஆனால் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்காளர்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசையைக் குறிக்கிறார்கள். எண்ணும் முறை ஒன்றே ஒன்றுதான் என்று யாரும் விதிக்கவில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. திருப்பூரில் ஒரு பனியன் உருவாகும் வழியை எண்ணிப் பாருங்கள். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம். இத்தனை கை மாறியும் பனியன் பனியனாகவே வருகிறது. எல்லோரும் ஒரே ஆர்டர் ஷீட்டையும் ஒரே சாம்பிளையும் பார்த்து வேலை செய்வதே காரணம். ஒவ்வோர் இடத்திலும் நிறத்தைப் பற்றிப் புதிதாக வாக்கெடுத்தால், உடம்பு நீலமாகவும் கழுத்து ரிப் பச்சையாகவும் வந்து சேரும். வாக்குச் சதுரங்கத்தில் நடப்பது இதுதான். இன்று தாக்குதலுக்குப் பெரும்பான்மை, நாளை தற்காப்புக்குப் பெரும்பான்மை. ஒவ்வொரு நகர்த்தலும் தனியே நல்லதாகத் தோன்றும். சேர்த்துப் பார்த்தால் திட்டம் இருக்காது. ஆனந்திடம் இருந்தது ஒரே ஆர்டர் ஷீட்!

ஆகவே புதிய சதுரங்கத்திற்கு மூன்று விதிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, எழுதிய பிறகே பேச்சு. ஒவ்வொருவரும் தம் நகர்த்தலைச் சீட்டில் எழுதிக் கொடுத்த பின்னரே விவாதம் தொடங்க வேண்டும். விவாதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1999 ஆட்டத்தில் கூட்டத்திற்கு ஆலோசகராக இருந்த ஐரீனா குருஷுக்கு அப்போது வயது 15. அவர் காரணங்களுடன் பரிந்துரைத்த பத்தாவது நகர்த்தலைக் கூட்டம் ஏற்றது. காஸ்பரோவுக்கு அது கடும் சோதனையாயிற்று. கூட்டம் குரலுக்குச் செவி சாய்க்கக் கூடாது, காரணத்திற்குச் செவி சாய்க்கலாம்.

இரண்டாவது, இரு சுற்று வாக்கெடுப்பு. முதல் இரண்டு இடங்களைப் பெற்ற நகர்த்தல்களுக்கு மட்டும் மீண்டும் வாக்களிக்க வேண்டும். மேலே சொன்ன வகுப்பில் ராணி 24-க்கு 16 என்று பிழைத்துக்கொள்வாள்.

மூன்றாவது, தனி நகர்த்தலுக்கு அன்றி, மூன்று நகர்த்தல் கொண்ட திட்டத்திற்கு வாக்களிக்க வேண்டும். எதிராளி எதிர்பாராத பதில் தந்து, மூன்றில் ஒரு பங்கினர் கை உயர்த்தினால் மட்டுமே புதிய வாக்கெடுப்பு.

"இதனால் ஆட்டம் மெதுவாகாதா?" என்று கேட்பீர்கள். ஆகும். ஆனால் விரைந்து தோற்பதில் என்ன பெருமை?

என் சொல்லை நம்ப வேண்டாம், சோதியுங்கள். உங்கள் பள்ளியின் சிறந்த ஆட்டக்காரரை எதிர்த்து, வகுப்பு முழுவதும் சேர்ந்து பழைய முறையில் பத்து ஆட்டமும் புதிய முறையில் பத்து ஆட்டமும் ஆடுங்கள். முடிவுகளைக் குறித்து வையுங்கள். ஓர் ஆட்டத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஊசலின் ஓர் அலைவை மட்டும் வைத்து நாம் அலைவு நேரம் காண்பதில்லை அல்லவா?

18 வயதில் நீங்கள் வாக்காளர் ஆவீர்கள். சங்கத்திலும் ஊர்க் கூட்டத்திலும் கை உயர்த்துவீர்கள். "பெரும்பான்மை முடிவு செய்துவிட்டது" என்று யாராவது சொல்லும்போது, "எப்படி எண்ணினீர்கள்?" என்று கேட்கப் பழகுங்கள். அக்கேள்வியைச் சதுரங்கப் பலகையிலேயே கற்றுக்கொண்டால், ராணி வெட்டுப்பட்டாலும் நட்டமில்லை.