ஓடத் தெரியாத ஹீரோ

1996-ல் ஜப்பானில் வந்த முதல் 'போக்கேமான்' வீடியோ கேமில் ஹீரோவுக்கு ஓடத் தெரியாது. 150 விசித்திரப் பிராணிகளைத் தேடிப் பிடிக்க வேண்டிய பையன், சைக்கிள் கிடைக்கும்வரை ரேஷன் க்யூ வேகத்தில் நகர்வான். ஓடுவதற்கு ஷூ கொடுத்தது 2002-ல், ரூபி, சஃபையரில். ஆறு வருஷம் ஸ்வாமி!

இதைவிடக் கொடுமை 'கட்'. வழியை மறிக்கும் செடியை வெட்டும் வித்தை. ஒரு பிராணிக்கு நாலு வித்தைதான் நினைவில் நிற்கும். அதில் ஒன்று இதுவானால் மறக்கவே முடியாது. 1999-ல் மறக்கடிக்க ஓர் ஆசாமியை நியமித்தார்கள். ஆனாலும் செடி வெட்டியாகணுமே? அதற்கென்றே ஓர் அப்பாவிப் பிராணியைக் கூட்டிக்கொண்டு அலைந்தோம். ஆபீஸில் டீ வாங்கிவர மட்டும் ஒருத்தர் இருப்பாரே, அப்படி. சண்டையில் சேர்க்கவே மாட்டோம். பாவம், அதற்கு விடுதலை 2016-ல், சன், மூனில்தான் கிடைத்தது.

என் ஓட்டு இன்னும் சின்ன சலுகைக்கு. 'ரிபெல்' மருந்து அடித்தால் சோப்ளாங்கிப் பிராணிகள் 100 அடிக்குக் கிட்டே வராது. தீர்ந்ததா, பையைத் திறந்து, துழாவி, மறுபடி அடிக்கணும். 2012-ல் பிளாக் 2, ஒயிட் 2 வந்தபோது, 'இன்னொன்று அடிக்கட்டுமா?' என்று கேமே கேட்டது. இந்த ஒரு கேள்விக்கு 16 வருஷம்!