மயிற்பொறி ஏறும் மாணாக்கர்

பதுளை நகரிலே புத்தகக் கடை ஒன்றினுட் சென்று, தமிழிலே விஞ்ஞானப் புனைகதை உண்டா, மாயக்கதை உண்டா என வினவுவார்க்குப் பெரும்பாலும் எடுத்துக் காட்டப்படுவன ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் வழிகாட்டிகளும் கடந்தகால வினாத்தாட் கோவைகளுமே. கடைக்காரரைக் குறைகூறுதல் தகாது. விலைபோவதை அவர் வைத்திருப்பர். ஆனால், விண்வெளிக்குச் செல்வோர் கதையும் இயந்திரம் பேசும் கதையும் வேண்டுமென்று கேட்கும் மாணாக்கனை, "அஃதெல்லாம் பரீட்சைக்கு உதவாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் வழக்கம் பெரியோரிடையே வேரூன்றிக் கிடக்கின்றது. இவ்வழக்கம் ஒழிதல் வேண்டும் என்பதும், இத்தகைய நூல்களைத் தேடிக் கொடுத்தல் தமிழாசிரியரின் கடமைகளுள் ஒன்று என்பதும் என் கருத்து.

அவ்வாறு மறுப்போர் தாம் போற்றும் இலக்கியத்தையே மறந்துவிடுகின்றனர் போலும். சீவக சிந்தாமணியிலே, கட்டியங்காரனுடைய சூழ்ச்சியை உணர்ந்த சச்சந்தன், கருவுற்றிருந்த விசயையை மயிற்பொறி ஒன்றில் ஏற்றி விண்வழியே அனுப்புகின்றான். அப்பொறியைத் திருத்தக்கதேவர் வெறும் மந்திரப் பறவையாகப் பாடிவிட்டுப் போகவில்லை. வலப்புறம் திருகினால் அது மேலெழும். இடப்புறம் திருகினால் தரையில் இறங்கும். அதனைச் செலுத்துதற்கு அரசி முன்னரே பழகியும் இருக்கின்றாள். இயந்திரம் எவ்வாறு இயங்கும் என்று சொல்லப் புகுந்த அக்கணத்திலே மாயக்கதை விஞ்ஞானப் புனைகதையின் வாயிலை வந்தடைந்துவிடுகின்றது. பெருங்கதையிலோ, உதயணனைச் சிறைப்பிடித்தற்பொருட்டு, வயிற்றினுள்ளே வீரரை ஒளித்துவைத்த இயந்திர யானை ஒன்று காட்டில் விடப்படுகின்றது. கிரேக்கரின் மரக்குதிரையை அறிந்த நம் மாணவருட் பலர் இந்த யானையை அறியார். மணிமேகலைக்கு வேற்றுருக் கொள்ளவும், வானிற் செல்லவும், பசியைப் பொறுக்கவும் மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும் கைக்கு வருகின்றது. தோட்டத்து லயங்களின் முன்னே காமன் கூத்தினைக் கண்டு, எரிந்த காமன் மீண்டும் எழுவதை இமைகொட்டாது பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இவை அயலாருடைய கதைகளாகத் தோன்றமாட்டா.

ஈண்டு ஒரு சொல் இடையிட்டுக் கூறவேண்டியுள்ளது. எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பாதையிலே இராவணன் பெயர்பெற்ற நீர்வீழ்ச்சி இருத்தலை யாவரும் அறிவர். அதனைக் காட்டி, புட்பக விமானம் இங்கேதான் இறங்கியது, நம் முன்னோர் அன்றே ஆகாயவிமானம் ஓட்டினர் என்று சாதிப்போர் உளர். கற்பனையைச் சரித்திரமாக்க முயன்றால் இரண்டும் கெடும். விமானத்தை எண்ணிப் பார்த்த மனத்தை மாணவர்க்குக் காட்டுவோம். அதன் சக்கரத் தடத்தைத் தேடி அவர்களை அலையவிட வேண்டா.

பழையன இவ்வாறாக, புதியன எங்கே என்பதே மாணவர் கேள்வி. பாரதியார் ஞானரதத்தில் ஏறிப் பல உலகங்களைச் சுற்றிவந்தார். புதுமைப்பித்தன் 1943 இல் கடவுளையே சென்னைத் தெருவுக்குக் கொணர்ந்து கந்தசாமிப் பிள்ளையின் விருந்தினராக்கினார். கபாடபுரம் என்னும் கதையிலே கடல்கொண்ட பழம்பதிக்கு நம்மை இட்டுச் சென்றார். இம்மலரைப் படிக்கும் மூத்த பழைய மாணவர்களோ 1947 இல் தொடங்கிய அம்புலிமாமாவின் வேதாளத்தோடும், 1972 இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட இரும்புக்கை மாயாவியோடும் உறவாடியவர்கள். பாடப்புத்தகத்துள் மாயாவியை ஒளித்துவைத்து வாசித்தவர்கள் இன்று தம் பிள்ளைகளுக்கு அதே வாசிப்பை மறுப்பது வியப்புக்குரியது.

விஞ்ஞானப் புனைகதையைப் பொதுவாசகரிடம் கொண்டுசென்ற பெருமை சுஜாதா என்னும் ரங்கராஜனையே (1935–2008) பெரிதும் சாரும். பொறியியலாளராகிய அவர் ஆனந்த விகடனில் 1980களில் எழுதிய தொடர் 'என் இனிய இயந்திரா'. அதிலே குடிமக்களின் பெயரைக்கூட ஈரெழுத்துக்குள் அடக்கிவைக்கும் அரசு ஒன்று வருகின்றது. ஜீனோ என்னும் மதிநுட்பமிக்க இயந்திர நாயும் வருகின்றது. கதை நிகழ்வதாக அவர் குறித்த 2020களின் தொடக்கம் வந்து போயிற்று. அந்நூலை இன்றைய மாணவர் கையிற் கொடுத்து, ஆசிரியர் எண்ணியவற்றுள் எவை பலித்தன, எவை பொய்த்தன என்று வினவினால், உறங்கும் வகுப்பும் விழித்துக்கொள்ளும். சுஜாதாவின் நடையில் ஆங்கிலம் மலிந்துள்ளது என்று இலக்கணம் வல்லார் முகஞ்சுளிப்பர். யானும் சில பக்கங்களிற் சுளித்ததுண்டு. ஆயினும், அவரைப் படித்து முடித்த மாணவன் 'மீண்டும் ஜீனோ' எங்கே என்று தானே வந்து கேட்கின்றான். இலக்கணத்தைப் பின்னர்க் கற்பிக்கலாம்.

அவருக்குப் பின்னும் இத்துறை வறண்டுவிடவில்லை. ஜெயமோகனின் 'விசும்பு' என்னும் தொகுதி, நம் மரபுவழி அறிவுத்துறைகளிலிருந்து விஞ்ஞானக் கற்பனையை எழுப்ப முயன்றது. அவருடைய 'பனிமனிதன்' சிறுவர்க்கென்றே எழுதப்பட்டது. தமிழ்மகன் 'ஆபரேஷன் நோவா' எழுதினார். 2018 இல் தோன்றிய 'அரூ' என்னும் இணைய இதழ் அறிவியற் சிறுகதைப் போட்டிகளை நடத்திப் புதிய எழுத்தாளர் பலரை அறிமுகம் செய்தது. பெயர் அறியாத ஒருவருடைய முழுநாவலை வாங்கி ஏமாறுவதைவிட, இத்தகைய சிறுகதைகளைப் படித்து, மனத்துக்குப் பிடித்தவருடைய நூலைத் தேடிச் செல்வது செலவு குறைந்த வழி.

ஆங்கிலம் வாசிக்கவல்ல மேல்வகுப்பு மாணவர் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. ஆதர் சி. கிளார்க் 1956 முதல் 2008 இல் மறையும்வரை இலங்கையிலே வாழ்ந்தவர். 1979 இல் வெளிவந்த அவருடைய நாவலொன்றில், சிவனொளிபாதமலையை ஒத்த மலைமுடியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்துக்கு விண்ணேணி எழுப்பப்படுகின்றது; அதன்பொருட்டு இத்தீவையே தெற்கே பூமத்தியரேகைக்கு நகர்த்திவிடுகின்றார்! நம் காலத்திலே கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர 2023 இல் வெளியிட்ட முதல் நாவலுக்கு, அமெரிக்காவில் இத்துறைக்கென வழங்கப்படும் நெபியூலா விருது கிடைத்தது. இத்தீவின் மண்ணிலிருந்தே அத்தகைய நூல் எழலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இனி, தோட்டத்துப் பிள்ளைக்கு இவற்றால் யாது பயன் என்பார்க்கு விடை கூறுவேன். மலையக இலக்கியம் உள்ளதை உள்ளவாறு சொல்லும் நெறியிலேயே பெரிதும் நின்றது; அதற்குத் தக்க காரணமும் உண்டு. ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப் (1934–2022) போன்றோர் எழுதியிராவிடின் லயத்து வாழ்வு ஏட்டில் ஏறியிராது. எனினும், உள்ளதை மாத்திரமே படித்து வளரும் பிள்ளை, "இது வேறு வகையாகவும் இருந்திருக்கலாம்" என்று எண்ணுதற்குப் பழகுவது அரிது. தன் தாய் கூடை சுமப்பதனால் தானும் சுமக்கவேண்டும் என்பது இயற்கை விதி போலவே அதற்குத் தோன்றும்.

நம் மலைகளின் சரித்திரமோ விஞ்ஞானக் கதை போன்றது. 1869 இல் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடி படர்ந்திருக்கக் கண்டனர். கண்ணுக்குப் புலனாகாத நுண்வித்துக்களாற் பரவும் அப்பூஞ்சண நோய் இருபது ஆண்டளவிலே இலங்கையின் கோப்பிச் செல்வத்தை வீழ்த்திவிட்டது. துரைமார் பலர் கடனாளிகளாயினர். தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். மலையெங்கும் தேயிலை ஏறியது. 1898 இல் எச். ஜி. வெல்ஸ் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' என்னும் கதையிலே, பீரங்கிகளால் வெல்ல முடியாத செவ்வாய்க் கிரகத்தார் இறுதியில் நுண்கிருமிகளால் மாய்கின்றனர். இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் மடுல்சீமை மாணவி, "கோப்பி அழியாதிருந்தால் இம்மலை இன்று எவ்வாறு இருக்கும்?" என்று கேட்பாள். அக்கேள்விக்கு அவளே ஒரு கதை எழுதலாம். அக்கதையைப் படிக்க யான் காத்திருக்கின்றேன்.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். விழா நினைவாகக் கல்வெட்டும் கடிகாரமும் வைப்பது மரபே, வைக்கட்டும். அவற்றோடு நூலகத்தில் இவ்வகை நூல்களுக்கென ஒரு தட்டும் வேண்டும். கொழும்பிலும் சென்னையிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர் ஒவ்வொருவரும் தாம் விரும்பிப் படித்த ஒரு நூலை அனுப்பலாம். அனுப்புவோர் அட்டையின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, அந்நூல் தமக்கு ஏன் பிடித்தது, அதன்பின் எதனைப் படிக்கலாம் என்று நான்கு வரி எழுதுதல் வேண்டும். அந்த நான்கு வரிகளே அடுத்த நூலுக்கு வழிகாட்டும். இலங்கைத் தமிழ் நூல்களை இலவசமாக வாசிக்க 2005 முதல் நூலகம் என்னும் மின்னூலகம் உள்ளது. தமிழின் பழைய நூல்களை 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திற் காணலாம். ஆனால் தோட்டத்துக்கு அவை எட்டுதற்குக் கைபேசியில் அலையும் வேண்டும், பணமும் வேண்டும். ஆதலால் அச்சுநூல் இன்றியமையாதது.

பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பேருந்துகளில் வீடு செல்லும் மாணவர்க்கு வெள்ளிக்கிழமைதோறும் இவ்விரண்டு நூல் கொடுத்தனுப்புதல் வேண்டும். நூல் நனைந்து வந்தால் தண்டம் விதிக்க வேண்டா. மார்கழியில் இம்மலைகளில் மழை எவ்வாறு பெய்யும் என்பது நூலகருக்கும் தெரியும்.