மஞ்சள் இலைக்கெல்லாம் யூரியா மருந்தல்ல

"எல மஞ்சளாயிருச்சா? ஒரம் பத்தல. ரெண்டு பிடி யூரியா போடு." அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் லயத்து வாசலில் படர்ந்த போஞ்சிக்கும் இதே வைத்தியம்தான். கோவாப் பாத்திக்கும் இதுதான், தேயிலை மலைக்கும் இதுதான். உரக்கடையில் கேட்டாலும் வேறு பதில் வருவதில்லை. நாட்கூலியில் மிச்சம் பிடித்து வாங்கும் உரம் பயனில்லாத இடத்தில் கொட்டப்படுவது மனதை வருத்துகிறது. ஆகவே இந்தப் பேச்சை முழுதாக மறுத்தாக வேண்டும்.

இதில் உண்மையே இல்லை என்று சொல்லவில்லை. தேயிலையில் நாம் பறிப்பது இலையை. ஆயிரம் கிலோ தேயிலைத்தூளோடு நாற்பது, ஐம்பது கிலோ நைதரசன் மலையை விட்டுப் போய்விடுகிறது. அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் செடி வெளிறத்தான் செய்யும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு தடை செய்தபோது அதைக் கண்ணால் கண்டோம். அந்த ஆண்டு முடிவதற்குள் தடையைத் தளர்த்தினார்கள். ஆனாலும் 300 மில்லியன் கிலோவுக்குக் கிட்ட இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 250 மில்லியனுக்கு இறங்கியது. உரப்பஞ்சம் அதற்குப் பெரிய காரணம். கூட்டெரு போட்டாலே போதும் என்று அப்போது சொன்னவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. நூற்றுக்கு ஒரு வீதம் நைதரசன் உள்ள கூட்டெருவில் ஐம்பது கிலோ நைதரசன் வேண்டுமானால் ஐந்து தொன் வேண்டும். அதுவும் முதல் வருடத்திலேயே முழுதாகச் செடிக்குக் கிடைக்காது. அந்த ஐந்து தொன்னையும் செங்குத்தான மலையில் முதுகில்தான் சுமந்து ஏற்ற வேண்டும்.

அந்தக் காலத்து மஞ்சள் பெரும்பாலும் நைதரசன் பசிதான். அந்த அனுபவத்தை வைத்து எல்லா மஞ்சளும் அதே பசி என்று முடிவு கட்டியதில்தான் தவறு நடக்கிறது.

எந்த இலை மஞ்சளானது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நைதரசன், பொற்றாசியம், மகனீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி அவற்றை முதிர்ந்த இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பும். அதனால் நோவு அடியிலைகளில்தான் முதலில் தெரியும். இரும்பும் கந்தகமும் அவ்வளவு எளிதாக நகர்வதில்லை. அவை குறைந்தால் கொழுந்துதான் முதலில் வெளிறும்.

அடியிலை மஞ்சளிலும் வேறுபாடு உண்டு. நைதரசன் குறைந்தால் இலை முழுவதும் ஒரே சீராக வெளிறும். மகனீசியம் குறைந்த தேயிலையில் முதிர்ந்த இலை ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகியிருக்கும். நடுநரம்பை ஒட்டி, காம்புப் பக்கம் அகன்றும் நுனிப் பக்கம் ஒடுங்கியும் பச்சை நிற்கும். ஓரம் மட்டும் கருகியிருந்தால் பொற்றாசியத்தைச் சந்தேகிக்கலாம். சிங்க் எனப்படும் நாகம் குறைந்தால் இலை சிறுத்து, ஒடுங்கி, அரிவாளாக வளையும், கணுக்கள் நெருங்கிவிடும்.

மகனீசியம் குறைந்த செடிக்கு யூரியாவைக் கொட்டினால் என்ன ஆகும்? யூரியா மண்ணில் அமோனியமாக மாறும். மகனீசியம் வேருக்குள் போவதற்கு அந்த அமோனியமே போட்டியாக நிற்கும். பிறகு அது மண்ணைப் புளிக்க வைக்க, மிச்சமிருந்த மகனீசியமும் மழையோடு இறங்கிப்போகும். மருந்தென்று போட்டதே நோயை வளர்க்கும். அங்கே வேண்டியது கவ்வாத்து வருடத்தில் அளவாகப் போடும், மகனீசியம் கலந்த டொலமைட் சுண்ணாம்பு. அவசரத்துக்கு எப்சம் உப்புக் கரைசல் தெளிக்கலாம்.

கந்தகத்தின் கதை இதைவிடத் தெளிவானது. இன்று மலாவி எனப்படும் நியாசலாந்தில் தேயிலைக் கொழுந்து மஞ்சளாகிச் செடிகள் நலிந்தன. அதற்குக் கந்தகக் குறைவே காரணம் என்று 1933இல் ஸ்டோரி, லீச் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அமோனியம் சல்பேட்டில் நைதரசன் 21 வீதம், கந்தகம் 24 வீதம். யூரியாவில் நைதரசன் 46 வீதம், கந்தகம் துளியும் இல்லை. இரண்டையும் வெறும் "நைதரசன் உரம்" என்று ஒரே தட்டில் வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

"செடியில் குறைந்தால் மண்ணில் இல்லை என்றுதானே அர்த்தம்?" என்று கேட்பார்கள். அப்படி இல்லை. மண்ணில் நிறைய இருந்தும் செடிக்குக் கிடைக்காமல் போகலாம். தேயிலை புளிப்பு மண்ணில் வாழும் செடி. மண்ணின் பீஎச் 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்கு நல்லது. அடுப்புச் சாம்பலைப் பல காலம் கொட்டிய இடத்திலும், டொலமைட்டை அளவில்லாமல் போட்ட இடத்திலும் பீஎச் ஏறி, புளிப்பு குறைந்துவிடும். அப்போது மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. கொழுந்தில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளிறும். நுவரெலியா மரக்கறித் தோட்டங்களில் வருடக்கணக்காகப் போட்ட பொசுபரசு தேவைக்கு மேல் சேர்ந்து கிடக்கிறது. அது கூடினால் நாகம் செடிக்குக் கிடைப்பது குறையும். அங்கே இன்னொரு மூடை கலப்பு உரம் பாரத்தைத்தான் கூட்டும்.

பெரும்பாலானவர்கள் பார்க்காமல் விடுவது வேரை. மத்தியான வெயிலில் வாடி, சாயந்தரம் நிமிர்ந்து, அடியிலை மஞ்சளாகும் கோவா ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். மெல்லிய வேர்கள் இருக்க வேண்டிய இடத்தில் விரல் தடிப்பில், கோணல்மாணலாக வீங்கிய கட்டிகள் இருந்தால் அது வேர்வீக்க நோய். புளிப்பான ஈரமண்ணில் அது பெருகும். அந்த வேரால் தண்ணீரையே சரியாக உறிஞ்ச முடியாது, உரத்தை எப்படி உறிஞ்சும்? மலைநாட்டுத் தேயிலையில் பிரட்டிலெங்கஸ் லூசி என்ற நூற்புழு வேரைத் தின்றால், மலையில் ஒரு திட்டு மட்டும் மஞ்சளாகித் தேயும். உருளைக்கிழங்கிலும் நூற்புழு இதே வேலையைச் செய்கிறது. கான் அடைபட்டுத் தண்ணீர் தேங்கினாலும் வேர் மூச்சு முட்டி அழுகும், இலை மஞ்சளாகும். அதற்கு மண்வெட்டி எடுத்துக் கானைத் திறந்துவிட வேண்டும்.

"போட்டு வைத்தால் கெட்டா போகும்?" என்பது கடைசிச் சமாதானம். மண்ணின் மேல் வெறுமனே தூவிய யூரியாவில் ஒரு பங்கு அமோனியா வாயுவாகப் போய்விடும். பெருமழைக்கு முன் தூவினால் கானோடு ஓடும். போஞ்சிக்கு நைதரசன் மிஞ்சினால் கொடி தழைக்கும், காய் குறையும்.

தொலைபேசியில் ஒரு இலையின் படத்தை அனுப்பி மருந்து கேட்பதும் இப்போது பழக்கமாகிவிட்டது. அது அடியிலையா, கொழுந்தா என்பதே அந்தப் படத்தில் தெரியாது.

சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் மருந்தடித்து, பக்கத்து வரிசையைச் சும்மா விட்டு, புதுத் தளிர் வரும்வரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் மண் பரிசோதனைதான். 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கிறது. மரக்கறிக்கும் கிழங்குக்கும் சீத்தாஎலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரண்டும் நம் மலையிலேயே இருந்தும் லயத்துக்காரருக்கு உரக்கடைதான் பக்கமாக இருக்கிறது. இந்த நிலை மாற வேண்டும். இப்போது தோட்ட நிர்வாகங்கள் தேயிலை மலையைப் பிரித்துக் குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுக்கின்றன. கொடுக்கும்போது அந்தத் துண்டின் கடைசி மண் பரிசோதனை அறிக்கையையும், எந்த வருடம் எந்த உரம் போட்டார்கள் என்ற பதிவையும் தமிழில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் செடியை ஏற்க மாட்டோம் என்று தொழிலாளர்களும் கேட்க வேண்டும்.